மாவு ஒட்டட்டும், விடுங்கள்: வீட்டில் சினமன் ரோல் சுட்ட அனுபவம்

சினமன் ரோலில், அதாவது பட்டைத் தூளும் சர்க்கரையும் உள்ளே வைத்துச் சுருட்டிச் சுடும் இனிப்பு பன்னில், நமக்கு இருக்கும் வேலை குறைவு. எடை போடுவது, பிசைவது, தேய்ப்பது, சுருட்டுவது, நறுக்குவது எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். மிச்ச நேரம் முழுக்க மாவை உப்ப வைக்கிற ஈஸ்ட் செய்கிற வேலை, அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. அதனால் வேறு எந்த ஓட்டமும் இல்லாத விடுமுறை நாளாகப் பார்த்துக் காலையிலேயே ஆரம்பித்தேன். சாயங்காலம் நாலு மணிக்குத் தட்டில் இருக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு மணிக்குள் மாவு பிசைந்து முடிந்திருப்பது நல்லது.

முதலில் அளவு. மாவு 500 கிராம், பால் 250 மில்லி, முட்டை 2, சர்க்கரை 70 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம். இதில் 12 ரோல் வரும். பிரெட் செய்வதற்கென்றே விற்கும் புரதம் கூடிய மாவு கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால் மைதாவே போதும், பால் மட்டும் ஒரு 20 மில்லி குறைத்துக்கொள்ளலாம். தயவுசெய்து தராசில் நிறுத்துப் போடுங்கள். கப்பை மாவுக்குள் அழுத்தி அள்ளினால் ஒரு எடை, ஸ்பூனால் தூவி நிரப்பினால் வேறு எடை. ஒரு கப்பில் 30 கிராம் கூடினாலே நாலு கப்பில் 100 கிராமைத் தாண்டிவிடும். ரோல் வறண்டு போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பாலை விரல் வைத்தால் இதமாக இருக்கும் அளவுக்கு, 38 டிகிரி போலச் சூடு பண்ணினேன். கொதிக்கிற பாலைக் கொஞ்சம் ஆற வைத்து ஊற்றுவதில் ஆபத்து இருக்கிறது. 55, 60 டிகிரி வந்தால் ஈஸ்ட் செத்துவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் மாவு எழாது. இன்ஸ்டன்ட் ஈஸ்டை நேராக மாவிலேயே கலக்கலாம். ஆனால் டப்பா திறந்து பல மாதம் ஆகியிருந்தால், பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு போட்டுப் பத்து நிமிடம் பார்ப்பேன். நுரைத்து மேலே வந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

வெண்ணெய் தவிர எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறி, மூடி வைத்து, இருபது நிமிடம் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த ஓய்வில் மாவு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டன் தானாகவே பின்ன ஆரம்பித்துவிடும். பிசைகிற வேலை பாதி குறையும். பிறகு மெத்தென்றிருந்த வெண்ணெயைச் சிறு சிறு துண்டாகச் சேர்த்துப் பிசைந்தேன்.

இந்த இடம்தான் மனதைச் சோதிக்கும். வெண்ணெய் உள்ளே போனதும் மாவு குழைந்து, விரலிடுக்கெல்லாம் ஒட்டி, மேடையில் பரவி, இது தேறவே தேறாது என்று தோன்றும். பக்கத்தில் நின்ற அம்மா, "என்னடி இப்படி ஒட்டுது, ஒரு கை மாவு தூவேன்" என்றார். "இல்லம்மா, கொஞ்ச நேரம் பொறு, தானா சேரும்" என்றேன். மாவு தூவவில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் குளூட்டன் பின்னுவதைத் தாமதப்படுத்துகின்றன, அவ்வளவுதான். தடுப்பதில்லை. பட்டையான ஸ்கிரேப்பரால் மேடையை வழித்து வழித்து, மாவைத் தூக்கி அடித்து மடித்துக்கொண்டே இருந்தேன். எட்டு நிமிடம் வரை ஒன்றும் மாறவில்லை. பத்தாவது நிமிடத்தில் மேடையை விட்டுக் கழன்று வர ஆரம்பித்தது. பதினைந்தாவது நிமிடத்தில் மேல்பரப்பு வழுவழுவென்று, தொட்டால் லேசாக ஒட்டி, பின் விட்டுவிடுகிற பக்குவத்துக்கு வந்தது. ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி நாலு பக்கமும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கிழியாமல் விரிந்து, மறுபக்கம் இருக்கிற விரலின் நிழல் தெரிந்தது. அம்மாவும் வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "அட, நிஜமாவே சேர்ந்துடுச்சே" என்றார்.

பிசைந்த மாவை வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து மூடினேன். அறையில் 25, 26 டிகிரி இருந்தால் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். குளிர்ந்த அறையில் இரண்டு மணி நேரமும் ஆகலாம். கடிகாரத்தைப் பார்ப்பதை விட, மாவு தடவிய விரலால் ஒரு குழி அழுத்திப் பார்ப்பதே சரியான வழி. உடனே துள்ளி எழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெல்ல மெல்லப் பாதி வரை மேலே வந்தால் தயார். குழி அப்படியே நின்றுவிட்டால் கொஞ்சம் அதிகமாகப் பொங்கிவிட்டது.

இந்த இடைவெளியில் பூரணம். மெத்தென்ற வெண்ணெய் 80 கிராம், பிரவுன் சுகர் 150 கிராம், பட்டைத் தூள் குவித்த இரண்டு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை உருக்கக் கூடாது. உருக்கினால் சுருட்டும்போதே ஓரத்தில் வழிந்து, ட்ரேயில் தேங்கி, நடுவில் ஒன்றுமில்லாமல் போய்விடும். பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டியான, ஒற்றை மடிப்பாகச் சுருண்ட கேசியா பட்டைக்குக் காரமும் வாசனையும் தூக்கல். மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்ட சிலோன் பட்டைக்கு மென்மையான, லேசான இனிப்பு மணம். இவ்வளவு சர்க்கரையோடு சேரும்போது சிலோன் பட்டையின் மணம் அமுங்கிவிடுவதாக எனக்குப் படுகிறது. ரோலுக்கு என் ஓட்டு கேசியாவுக்குத்தான். எதுவானாலும் தூள் புதிதாக இருக்கட்டும். மூடியைத் திறந்ததும் மணம் மூக்கைத் தொடவில்லை என்றால் அந்தத் தூள் வேண்டாம். இன்னொன்று, பட்டையை மாவில் கலந்து பிசைந்துவிடலாமே என்று தோன்றலாம். பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு ஈஸ்டின் வேலையை மந்தப்படுத்தும். அதனால் அது பூரணத்திலேயே இருப்பதுதான் நல்லது.

மாவை மேடையில் கவிழ்த்து, காற்றை மெதுவாக அமுக்கி விட்டு, பூரிக்கட்டையால் 45 சென்டிமீட்டருக்கு 35 சென்டிமீட்டர் செவ்வகமாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தால் சண்டை போட வேண்டாம். துணி மூடி ஐந்து நிமிடம் விட்டால் தானே இளகும். பூரணத்தை ஓரம் வரை பரப்பி, கடைசி இரண்டு சென்டிமீட்டரை மட்டும் வெறுமையாக விட்டேன், ஒட்டி மூடுவதற்கு. சுருட்டும்போது இடைவெளி இல்லாமல் சுருட்ட வேண்டும், ஆனால் முறுக்கி இறுக்கக் கூடாது. ரொம்ப இறுக்கினால் ஓவனில் நடுப்பகுதி கூம்பாக மேலே தள்ளிக்கொண்டு வரும்.

நறுக்குவதற்குக் கத்தி வேண்டாம், அது சுருளை நசுக்கிவிடும். சாதாரணத் தையல் நூலை அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே கொண்டு வந்து குறுக்காக இழுத்தால், ஒரு வளையம் கூடக் கலையாமல் துண்டு விழும். எனக்கு இந்த முழு வேலையிலும் மிகவும் பிடித்த நேரம் இதுதான். ஒவ்வொரு துண்டு விழும்போதும் உள்ளே வெள்ளையும் பழுப்பும் மாறி மாறிச் சுற்றியிருப்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன்.

12 துண்டுகளையும் 23க்கு 33 சென்டிமீட்டர் ட்ரேயில் ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கி மூடினேன். முக்கால் மணி நேரத்தில் உப்பி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. காலையிலேயே சூடாக வேண்டுமென்றால் அடுக்கியவுடனே, உப்பும் வரை விடாமல், ட்ரேயை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம், 8 முதல் 12 மணி நேரம் தாங்கும். மெதுவாகப் புளிப்பதால் சுவையும் கூடும். சுடுவதற்கு முன் ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் சரி.

ஓவன் 180 டிகிரி, 25 நிமிடம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் பக்கத்திலேயே இருப்பது நல்லது. மேலே சீக்கிரம் சிவந்துவிடும், நடுத் துண்டுகள் உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும். மேல் நிறம் வந்ததும் அலுமினிய ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்திவிட்டேன். நடுத் துண்டின் உள்ளே வெப்பமானி 88லிருந்து 90 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம். அதற்கு மேல் விட்ட ஒவ்வொரு நிமிடமும் மென்மையைத் தின்னும். சுடுவதற்கு முன் ரோல்களின் மேல் கிரீம் ஊற்றுகிறவர்கள் உண்டு. ரோல் மென்மையாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அடிப்பாகம் நைந்து போகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. மாவில் ஈரம் சரியாக இருந்தால் அதற்குத் தேவையும் இல்லை.

ஐசிங்குக்குக் கிரீம் சீஸ் 120 கிராம், வெண்ணெய் 50 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், அரை டீஸ்பூன் வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. சீஸும் வெண்ணெயும் அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். அன்று சாப்பிடப் போகிற ரோல்களுக்கான ஐசிங்கில் பாதியை, ரோல் வெளியே வந்த ஐந்து நிமிடத்தில் தடவினேன். அது உருகிச் சுருளுக்குள் இறங்கியது. மீதியை இருபது நிமிடம் கழித்துத் தடவினேன், அது மேலேயே தங்கியது. இரண்டு தடவையாகத் தடவுவதில் கூடுதல் உழைப்பு எதுவும் இல்லை, ருசியில் தெரிகிற வித்தியாசம் பெரிது.

மிஞ்சியதை என்ன செய்வது? ஃபிரிட்ஜ் வெப்பத்தில் மாவுச்சத்து வேகமாக இறுகும், அதனால் அங்கே வைத்த ரோல் மறுநாளே விறைத்துவிடும். கிரீம் சீஸ் தடவியதை வெளியிலும் ரொம்ப நேரம் வைக்க முடியாது. எனவே அன்றே சாப்பிடப் போகிற ரோல்களுக்கு மட்டும் ஐசிங் தடவிவிட்டு, மற்றவற்றை நன்றாக ஆறியதும் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். ஐசிங் ஃபிரிட்ஜில் தனி டப்பாவில். வேண்டும்போது ஒரு ரோலை வெளியே எடுத்துப் பனி விட்டதும் மைக்ரோவேவில் 20 நொடி சூடு பண்ணி, மேலே ஐசிங் வைத்தால் போதும். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், மறுபடி ஆறினால் இறுகிவிடும்.