அம்மாவின் அறைக்கு ஒரு டிம்மர்

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த முதல் வாரம். நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்து லைட்டைப் போட்டவர், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "கண்ணுல ஊசி குத்துற மாதிரி இருக்குடா" என்றார். மறுநாள் ராத்திரி லைட்டே போடாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். கால் இடறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. நைட் லேம்ப் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த வெளிச்சத்தில் செருப்பு எங்கே கிடக்கிறது என்பதுகூடத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வெளிச்சம் வேண்டும், அதை அவரே கூட்டிக் குறைத்துக்கொள்ளவும் முடிய வேண்டும். அறையில் நான்கு எல்ஈடி பல்புகள், நான்குக்கும் கட்டில் பக்கத்தில் ஒரே சுவிட்ச். அதை எடுத்துவிட்டு, குமிழைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் போடலாம் என்று முடிவு செய்தேன்.

டிம்மரைப் பொருத்த ஒரு மணி நேரம்தான் ஆனது. வெளிச்சம் அம்மாவின் கண்ணுக்குச் சரியாக வர இரண்டு வாரம் பிடித்தது.

முதலில் கரன்ட்டை நிறுத்துவது பற்றி. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் உயிர் போகக்கூடிய இடம் இதுதான். சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுவிட்சை அணைத்தால் அங்கிருந்து பல்புக்குப் போகிற ஒயரில்தான் கரன்ட் நிற்கும். சுவிட்ச் வரைக்கும் கரன்ட்டைக் கொண்டுவருகிற ஃபேஸ் ஒயரில் அது அப்படியேதான் இருக்கும். நாம் கை வைக்கப்போவதோ அந்த இடத்தில்தான். அதனால் லைட்டை எரியவிட்டு, மெயின் பெட்டியில் இருக்கிற எம்சிபிகளை, அதாவது வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் கரன்ட்டைத் தனித்தனியாக நிறுத்துகிற சுவிட்சுகளை, ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். மூன்றாவதை இறக்கியதும் அம்மா அறையில் லைட் அணைந்தது, ஃபேனும் நின்றது. அந்த எம்சிபி மேல் டேப் ஒட்டி, "யாரும் ஏத்திடாதீங்க" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

கையில் இருந்தது சாதாரண நியான் டெஸ்டர். அதை நேராக சுவிட்ச் போர்டில் வைக்காமல், முதலில் கரன்ட் இருக்கிற வேறொரு பிளக் பாயின்டில் வைத்து எரிகிறதா என்று பார்த்தேன். டெஸ்டரே பழுதாகி இருந்தால் அது எரியாது, நாமும் கரன்ட் இல்லை என்று நம்பிக் கை வைத்துவிடுவோம். எரிந்தது. பிறகு போர்டின் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு சுவிட்சின் திருகிலும் டெஸ்டரை வைத்தேன். லைட் சுவிட்சில் இல்லை. ஃபேன் சுவிட்சில் இல்லை. கடைசியாக இருந்த பிளக் பாயின்ட் சுவிட்சில் வைத்தால், பளிச்சென்று எரிந்தது.

எனக்குக் கை வேர்த்துவிட்டது. ஒரே போர்டு, ஒரே பெட்டி, ஆனால் பிளக் பாயின்டுக்கு வேறு எம்சிபியிலிருந்து தனி ஃபேஸ் வந்திருக்கிறது. லைட் அணைந்ததை மட்டும் நம்பி ஒயர்களை வெளியே இழுத்திருந்தால் புறங்கை நேராக அந்தத் திருகில் பட்டிருக்கும். உடனே மெயினையே இறக்கினேன். அப்புறம் பக்கத்து வீட்டில் மின்சாரத்தை அளக்கிற ஒரு மல்டிமீட்டர் வாங்கி வந்து, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரன்ட் திரும்பிப் போகிற ஒயர்) நடுவில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் என்று எல்லா ஜோடியையும் அளந்தேன். நியான் டெஸ்டர் எரிந்தால் கரன்ட் இருக்கிறது என்று சொல்லலாம். எரியாததை வைத்துக் கரன்ட் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, அதற்கு மீட்டர்தான். மீட்டரைத் தெரிந்த மின்சாரத்தில் முன்னும் பின்னும் சோதித்துக்கொள்வதையும் விடக் கூடாது. வீடு முழுக்கக் கரன்ட் இல்லாததால் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இனி ஒயர். நிறத்தை வைத்து அடையாளம் காணலாம் என்று படித்திருந்தேன். எங்கள் போர்டில் லைட் சுவிட்சுக்கு வந்த மூன்று ஒயருமே சிவப்பு. ஒரு டெர்மினலில் இரண்டு ஒயர், இன்னொன்றில் ஒன்று. முதலில் குழம்பினேன், பிறகு தடம் பிடித்துப் பார்த்ததும் புரிந்தது. இரண்டு ஒயர் இருந்த பக்கம்தான் ஃபேஸ். ஒன்று உள்ளே வருவது, மற்றது அடுத்த சுவிட்சுக்கு லூப் அடித்துப் போவது. தனியாக இருந்த ஒயர் பல்புக்குப் போவது. கழற்றும் முன்பே போனில் படம் எடுத்து, பல்பு ஒயரில் துண்டு டேப் சுற்றி வைத்ததால் பிற்பாடு தடுமாறவில்லை. லூப் ஒயரை மறந்துபோய் வெளியே விட்டால் ஃபேன் ஓடாது. டிம்மரின் டெர்மினல் சின்னது, இரண்டு ஒயர் சேர்ந்து நுழையவில்லை. அதனால் இரண்டையும் ஒரு கனெக்டரில் சேர்த்து, அதே கனத்தில் ஒரு சின்னத் துண்டு ஒயரை அங்கிருந்து டிம்மருக்குக் கொடுத்தேன். திருகியபின் ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். லூசாக இருக்கிற இணைப்புதான் நாளடைவில் சூடாகிக் கருகும்.

அந்தப் பெட்டியில் பிளக் பாயின்டுக்காக வந்த நியூட்ரலும் இருந்தது. நான் வாங்கிய டிம்மருக்கு அது தேவையில்லை. இரண்டு ஒயர் டிம்மர், சுவிட்ச் இருந்த அதே இடத்தில் ஃபேஸுக்கும் பல்புக்கும் நடுவில் உட்காரும், அவ்வளவுதான். ஃபேஸையும் நியூட்ரலையும் கொண்டுபோய் அதன் இரண்டு முனையில் கொடுத்தால் டிம்மர் எரிந்துபோகும்.

ஆழத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிம்மரின் உடம்பு சுவிட்சைவிடப் பெரியது, அது வேலை செய்யும்போது வெதுவெதுப்பாகும். ஒயரை அமுக்கித் திணித்து மூடுகிற அளவுக்கு இடம் குறைவாக இருந்தால் போடாமல் இருப்பதே நல்லது. எங்கள் பெட்டியில் இடம் இருந்தது.

மூடியைப் போட்டு, மெயினை ஏற்றி, குமிழை அழுத்தினேன். நான்கு பல்பும் எரிந்தன. சந்தோஷமாகத் திருப்பினேன். பாதி வரும்போதே ஒரு பல்பு துடிக்க ஆரம்பித்தது. இன்னும் குறைத்தால் இன்னொன்று மொத்தமாக அணைந்துவிட்டது, மீதி இரண்டும் படபடவென்று மின்னின. பல்பு பக்கத்திலிருந்து வண்டு சுற்றுவதுபோல ஒரு ரீங்காரம் வேறு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முழு லைட்டே தேவலாம்டா" என்றார். அவர் சொன்னது சரிதான். மின்னுகிற வெளிச்சம் அந்தக் கண்ணுக்கு இன்னும் கொடுமை.

தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் போனில் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பல்பு டிம்மபிளா தம்பி?" பல்பு வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். டிம்மருடன் பயன்படுத்தக் கூடாது என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

காரணத்தை அவர் விளக்கியபோதுதான் டிம்மர் என்ன செய்கிறது என்பதே எனக்குப் புரிந்தது. தண்ணீர்க் குழாயை மூடுவதுபோல அது மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது மின்சாரத்தை வெட்டுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் வினாடிக்கு 100 அரை அலைகள். ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு பகுதியை மட்டும் விட்டு மீதியை டிம்மர் நிறுத்திவிடும். அதாவது வினாடிக்கு 100 தடவை பல்பைப் போட்டுப் போட்டு அணைக்கிறது. குண்டு பல்பில் இழை சூடாகவே இருக்கும், அந்த இடைவெளியில் ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எல்ஈடிக்குள் இருப்பதோ ஒரு சின்ன மின்னணுச் சுற்று. அதற்கு வெட்டுப்பட்ட அலையைப் புரிந்துகொள்ளத் தெரிந்தால்தான் வெளிச்சம் சீராகக் குறையும். தெரியாத பல்பு துடிக்கும், ஆயுளும் குறையும்.

நான்கு பல்பையும் மாற்றினேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல், தலா 7 வாட், டிம்மபிள் என்று போட்டது. முன்பு இருந்தது 6500 கெல்வின் வெள்ளை, இப்போது 2700 கெல்வின் மஞ்சள். சொல்லப்போனால் அம்மாவின் கண் கூச்சம் பாதி அந்த நிறம் மாறியதிலேயே குறைந்துவிட்டது. டிம்மர் வாங்கும் முன் பல்பின் நிறத்தை மாற்றிப் பாருங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

இந்தத் தடவை பாதிவரை அழகாகக் குறைந்தது. அதற்குக் கீழே போனால் மறுபடி துடிப்பு. விடாமல் டிம்மரின் அட்டையைப் படித்தேன். 40 முதல் 400 வாட் வரை என்று இருந்தது. எல்லோரும் மேல் எண்ணைத்தான் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்து வாங்கியிருந்தேன். என் பல்புகள் நான்கும் சேர்த்து 28 வாட். குறைந்தபட்சச் சுமைக்கே போதவில்லை. குண்டு பல்புகள் எரிந்த காலத்தில் நான்கு பல்பு என்றால் 160, 240 வாட் வந்துவிடும், அந்தக் கணக்குக்குச் செய்த டிம்மர் அது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, ஓர் எல்ஈடியை எடுத்துவிட்டு பரணில் கிடந்த 40 வாட் குண்டு பல்பைப் போட்டேன். மொத்தம் 61 வாட். துடிப்பு நின்றுவிட்டது.

குண்டு பல்பையே வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் ஹோல்டரும் விளக்குக் கூடும் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று தெரியாமல் அப்படி விட மனமில்லை. டிம்மரையே மாற்றினேன். இரண்டாவதாக வாங்கியது டிரெய்லிங் எட்ஜ் வகை. முதலாவது ஒவ்வொரு அரை அலையின் முன்பகுதியை வெட்டிவிட்டு நடுவில் சடாரென்று திறக்கிறது. இது பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏறவிட்டுக் கடைசியில் வெட்டுகிறது. எல்ஈடியின் சுற்றுக்கு அந்த திடீர் உதை இல்லாததால் ரீங்காரமும் குறைவு. எல்ஈடிக்கு 5 முதல் 100 வாட் என்று அதன் மேலேயே தனியாகக் குறித்திருந்தது. என்னுடைய 28 அதற்குள் வசதியாக அடங்கியது.

மறுபடியும் மெயினை இறக்கி, மறுபடியும் எல்லா ஜோடியையும் அளந்து, மாற்றினேன். போன தடவை பார்த்தோமே என்று ஒரு படியையும் விடவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். இந்த டிம்மரில் குமிழை இழுத்து எடுத்தால் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. வெளிச்சம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை அதில் வைத்துக்கொள்ளலாம். பல்பு துடிக்காமல் நிற்கிற மிகக் குறைந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு துளி மேலே வைத்தேன். பிறகு அந்த அளவிலேயே பத்துத் தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் சில பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது குறையும், ஆனால் குறைந்த நிலையிலிருந்து எரியத் தொடங்காது. பத்துத் தடவையும் நான்கும் சேர்ந்தே எரிந்தன. கடைசி அளவில் ஒரு மணி நேரம் எரியவிட்டு மூடியில் கை வைத்துப் பார்த்தேன். லேசான வெதுவெதுப்புதான்.

என் தங்கை, "அப்படியே ஃபேனுக்கும் இதையே போட்டுடலாமா அண்ணா?" என்று கேட்டாள். கூடாது. மோட்டாருக்கு அதற்கென்று செய்த ரெகுலேட்டர்தான் போட வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில நாடுகளில் உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் மட்டுமே இதைச் செய்யலாம். சட்டம் அனுமதித்தாலும், போர்டைத் திறந்ததும் கருகிய தடமோ தொட்டால் உதிர்கிற ஒயர் உறையோ தெரிந்தால், மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. மூன்று மணி இருக்கும், அம்மா அறையின் கதவுக்குக் கீழே மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. செருப்புச் சத்தம், குழாய்ச் சத்தம், திரும்பி வருகிற சத்தம். கோடு மறைந்தது.

காலையில் அம்மா ஒரு வேலை சொன்னார். "எனக்குச் சரியா இருக்கிற இடம் எதுன்னு இருட்டுல தடவினா தெரியணும்டா." குமிழில் ஒரு சின்ன ரப்பர் புள்ளி ஒட்டிக் கொடுத்தேன், அது மேலே நேராக நின்றால் அவருடைய அளவு. கண் நன்றாக ஆறியபிறகு ஒருநாள் பார்த்தேன், அந்தப் புள்ளி வலது பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.