பையர் மெயிலும் ஸ்பாம் மாதிரிதான் இருக்கும்

"டியர் சார், அர்ஜென்ட் ஆர்டர், இணைப்பைப் பார்த்து கடைசி விலை சொல்லவும்." இது வைரஸ் மெயிலா, நிஜமான என்கொயரியா? திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஸ்பாமும், பையர் (துணி வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்) மெயிலும் ஒரே மாதிரிதான் வரும். அதே அரைகுறை ஆங்கிலம், அதே ஜிமெயில் முகவரி, அதே எக்செல் ஃபைல். சீனாவிலிருந்து ஜிப், பட்டன் அனுப்புகிறவர்கள் மெயில் இன்னும் மோசம். நடுவில் ஒரு பெரிய படம், கீழே சீன எழுத்து, அவ்வளவுதான்.

நான் பார்த்துக்கொள்ளும் பனியன் கம்பெனியில் சொந்த மெயில் சர்வர். மெயிலை வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துக் காட்ட டவ்காட், ஸ்பாம் பிரிக்க ஆர்ஸ்பாம்டி. ஒரு என்கொயரி தொலைந்தால் ஒரு சீசன் ஆர்டரே கைவிட்டுப் போகும். ஒரு ஸ்பாம் உள்ளே வந்தால் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிப்பவர்) டெலிட் அழுத்துவார். அதனால் என் கணக்கு இது: அனுப்புகிற மெஷின் சரியில்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. எழுதியிருப்பது சரியில்லையென்றால் ஜங்க் ஃபோல்டர், அதற்கு மேல் போகாதே. வைரஸை ஒளித்துக் கொண்டுவரக்கூடிய இஎக்ஸ்இ, ஐஎஸ்ஓ, எல்என்கே இணைப்புகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. எந்த பையரும் டெக்பேக்கை (ஆடையின் அளவு, துணி விவரம் உள்ள தாள்) ஐஎஸ்ஓ ஃபைலாக அனுப்புவதில்லை.

வாசலில் நிற்பது போஸ்ட்ஃபிக்ஸின் காவலாளி, போஸ்ட்ஸ்கிரீன். 2011-இல் போஸ்ட்ஃபிக்ஸ் 2.8-உடன் வந்தது. வருகிற சர்வருக்குச் சொல்லும் வரவேற்பில் இது '220' என்று எழுதி ஒரு கோடு போட்டு நிறுத்திக்கொள்ளும். கோடு இருந்தால் வரவேற்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஒழுங்கான சர்வர் ஆறு நொடி பொறுத்திருக்கும். ஸ்பாம் அனுப்பும் பாட் (தானியங்கி புரோகிராம்) அவசரப்பட்டு ஹலோ சொல்லி மாட்டிக்கொள்ளும். ஒன்று, இந்தச் சோதனை தொடக்கத்தில் 'இக்னோர்' நிலையில் இருக்கும். நாமாக 'என்ஃபோர்ஸ்' என்று மாற்றவில்லையென்றால் லாகில் எழுதிவிட்டு உள்ளே விட்டுவிடும்.

அடுத்தது ஸ்பாம்ஹவுஸ் பட்டியல், அதாவது ஸ்பாம் அனுப்பும் மெஷின்களின் ஐபி முகவரிப் பட்டியல். அதில் ஒரு முகவரி இருக்கிறதா என்று டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு எண் சொல்லும் முறை) வழியாகக் கேட்க வேண்டும். எனக்கு முன்னால் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் டிஎன்எஸ்ஸுக்கு 8.8.8.8 என்ற கூகுளின் பொது ரிசால்வரை (நமக்காக டிஎன்எஸ் கேட்டுச் சொல்லும் சர்வர்) போட்டுவிட்டுப் போயிருந்தார். பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் பதில் தராது, 127.255.255.254 என்று ஒரு எண்ணைத் திருப்பும். 'நீ கேட்கிற வழி சரியில்லை' என்பதுதான் அதன் பொருள். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது தெரியாது. எந்த எண் வந்தாலும் பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஊரில் இருக்கிற எல்லா மெயிலையும் திருப்பி அனுப்பும். "ஏனுங்க, காலையில இருந்து ஒரு மெயிலும் வரலீங்களே" என்று போன் வந்தபோது லாகில் பக்கம் பக்கமாக இந்த எண்தான். அதே மெஷினில் அன்பௌண்ட் என்ற சொந்த ரிசால்வரைப் போட்டு, யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாமல் நேரடியாகக் கேட்க வைத்தேன். பட்டியலில் இருக்கிறது என்று சொல்லும் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான எண் வந்தால் மட்டும் தடு என்று விதியிலும் எழுதினேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க சோதனைக்கென்றே உள்ள 127.0.0.2-ஐத் தலைகீழாக்கி 2.0.0.127.zen.spamhaus.org என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலில் இருக்கிறது என்று பதில் வர வேண்டும்.

ஆர்ஸ்பாம்டி ஒவ்வொரு மெயிலுக்கும் சந்தேக மதிப்பெண் போடும். அது 4-ஐத் தொட்டால் கிரேலிஸ்ட், 6-இல் ஸ்பாம் முத்திரை, 15-இல் நிராகரிப்பு. இவை அதன் வழக்கமான அளவுகள். நான் 6-ஐ மட்டும் வைத்துக்கொண்டேன். கிரேலிஸ்ட் என்றால் 'அப்புறம் வா' என்று அனுப்பிவைப்பது. கொஞ்சம் சந்தேகத்துக்கிடமான வங்கி ஓடிபி அதில் சிக்கினால் காலாவதியான பிறகுதான் வந்து சேரும். அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் பேச்சு வாங்க என்னால் ஆகாது.

ஆர்ஸ்பாம்டியில் பேய்ஸ் (Bayes) என்ற, வார்த்தைகளைப் பார்த்து ஸ்பாமைக் கணிக்கும் பகுதி உண்டு. அது தீர்ப்புச் சொல்லத் தொடங்க ஸ்பாம் 200, நல்ல மெயில் 200 வேண்டும். ஜங்க் ஃபோல்டருக்கு இழுத்தாலே கற்றுக்கொள்ளும்படி எல்லோருக்கும் வசதி செய்துகொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? டிஸ்கவுண்ட் கேட்டு வந்த பையர் மெயிலைக் கோபத்தில் ஜங்கில் தள்ளுவார்கள். இப்போது இரண்டு பேர் இழுப்பதை மட்டும்தான் ஆர்ஸ்பாம்டி பாடமாக எடுத்துக்கொள்கிறது.

"இந்த பையரை மட்டும் ஒயிட்லிஸ்ட்ல போட்டுடுங்க" என்ற கோரிக்கை அடிக்கடி வரும். ஒயிட்லிஸ்ட் என்றால் சோதிக்காமல் உள்ளே விடும் பட்டியல். போடுவேன், ஆனால் டிகேஐஎம் கையெழுத்து (அந்த டொமைன்தான் அனுப்பியது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து) சரியாக இருந்தால்தான் அது செல்லும். வெறும் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். சொந்த டொமைனையே ஒயிட்லிஸ்டில் வைத்திருக்கும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். முதலாளி பெயரில் போலி மெயில் அங்கே ராஜ மரியாதையோடு உள்ளே போகும்.

இவ்வளவுக்கும் சிக்காத ஒரு மெயில் உண்டு: "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி பணத்தைப் புதிய எண்ணுக்கு அனுப்பவும்." சப்ளையரின் மெயில் பெட்டியையே யாரோ திறந்து அங்கிருந்து அனுப்பினால் எஸ்பிஎஃப் (அந்த டொமைனுக்காக அனுப்ப அனுமதி பெற்ற சர்வரா என்ற சோதனை), டிகேஐஎம் எல்லாம் சுத்தமாகப் பாஸ். பழைய பேச்சுக்குப் பதிலாகவே வரும், இன்வாய்ஸ் எண்கூட சரியாக இருக்கும். ரிப்ளை முகவரி வேறாக இருந்தால் சப்ஜெக்டில் எச்சரிக்கை ஒட்டுகிறேன், அதற்கு மேல் ஃபில்டரால் ஆவதில்லை. அக்கவுண்ட்ஸ் அக்காவின் மேஜையில் சப்ளையர்களின் பழைய போன் எண்கள் அச்சிட்ட தாள் இருக்கிறது. அக்கவுண்ட் எண் மாறினால் மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல, அந்தத் தாளில் உள்ள எண்ணுக்குப் பேசிய பிறகுதான் பணம் போகும்.