காதுக்கு மட்டும் ஒரு பாட்டு

வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளர் சேவை, கணக்கு, மென்பொருள் சோதனை என்று ஆளுக்கொரு துறையிலிருந்து வருவார்கள். படிக்கச் சொன்னால் படிப்பார்கள், மின்னஞ்சலும் ஓரளவு பிழையில்லாமல் எழுதுவார்கள். போனில் எதிர்முனை வேகமெடுத்தால்தான் திணறல். "எல்லாம் தெரிஞ்ச வார்த்தைதான் மேடம், அவங்க சொல்லும்போது மட்டும் பிடிபடல" என்பார்கள். இந்த ஒரு குறைக்காகத்தான் நான் வகுப்புக்குள் பாட்டைக் கொண்டுவந்தேன். மதியத் தூக்கத்தைக் கலைக்கப் பாட்டுப் போடுகிற பயிற்சியாளர்களும் உண்டு. அது தப்பில்லை, ஆனால் அதற்கு எந்த மொழிப் பாட்டும் போதும்.

ஆங்கிலப் பேச்சில் எல்லா அசைக்கும் ஒரே மரியாதை கிடையாது. அழுத்தம் விழுகிற அசை நிமிர்ந்து நிற்கும். நடுவே வருகிற 'ஆஃப்', 'டு', 'அண்ட்', 'ஹேவ்', 'ஹர்' எல்லாம் நசுங்கிப்போகும். 'ராக் அண்ட் ரோல்' என்று முழுசாக யார் சொல்கிறார்கள்? 'ராக்கன்ரோல்'தான். 'குட் ஹேவ்' (could have) என்பது 'குடவ்' என்று ஒலிப்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே பலர் அதை 'குட் ஆஃப்' (could of) என்று தப்பாக எழுதுகிறார்கள். நாமும் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதை 'வந்துட்ருக்கேன்' ஆக்குகிறவர்கள்தான். நம் சுருக்கம் பிறந்ததிலிருந்து காதில் விழுந்தது. ஆங்கிலச் சுருக்கத்தைக் கேட்க வாய்ப்பில்லாமல், புத்தகத்தில் பார்த்த முழு வடிவத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்.

பாட்டு வரிகளில் கோடிட்ட இடம் விட்டு நிரப்பச் சொல்வது பழைய பயிற்சி. எங்கும் கிடைக்கிற தாள்களில் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் எடுத்துவிட்டுத்தான் கோடு போட்டிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ஹார்ட்', 'ரெயின்' போன்றவை எப்படியும் காதில் விழும், விழாவிட்டாலும் ஊகிக்கலாம். நான் அவற்றை அச்சில் விட்டுவிட்டு, சின்னச் சொற்களை மட்டும் எடுத்துவிடுவேன். அப்போதுதான் வகுப்பு திணறும். "இங்க ஒண்ணுமே சொல்லலையே" என்று அடித்துச் சொல்வார்கள். வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து அதே வரியைத் திரும்பப் போட்டால், இல்லாத இடத்திலிருந்து ஒரு 'டு' எட்டிப் பார்க்கும். இலக்கணப் பாடத்தில் இதைச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. காது தானே கண்டுபிடித்தால்தான் நம்புகிறது.

எந்தப் பாட்டை எடுப்பது என்பதில்தான் சிக்கல். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு மெதுவான, உருக்கமான பாட்டு நல்லது என்பது பொதுவான அறிவுரை. சொற்கள் தெளிவாக இருக்கும், உண்மைதான். ஆனால் மெட்டுக்காக 'த'வையும் 'டு'வையும்கூட நீட்டி நிறுத்துவார்கள். பேச்சில் யாரும் அப்படி நீட்டுவதில்லை. போனில் நசுங்கிப்போகிற சொல் பாட்டில் விரிந்து கிடந்தால் என் நோக்கமே போச்சு. அதனால் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற பாட்டாகத் தேடுவேன். பாடகி சுசான் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' அதற்கு நல்ல உதாரணம். 1987இல் வந்த ஆல்பத்தில் அது வாத்தியமே இல்லாத ஒற்றைக் குரல். ஒருத்தி உணவகத்தில் உட்கார்ந்து கண்முன் நடப்பதைச் சொல்லிக்கொண்டே போகிறாள், அதிலும் பெரும்பகுதி நிகழ்காலத் தொடர்வினையில். எம்பி3 நுட்பத்தை உருவாக்கியவர்கள் தங்கள் சுருக்கும் முறை ஒரு குரலைக் கெடுக்கிறதா என்று சோதிக்க இதே பதிவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். ஒளிந்துகொள்ள வாத்தியம் இல்லாத குரல் அவர்களுக்கும் தேவைப்பட்டது, எங்களுக்கும் தேவைப்பட்டது.

ராப் இன்னும் நெருக்கம். அழுத்த அசைகள் தாளத்தில் உட்கார, மற்றவை இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். அலுவலக வகுப்பில் போடத் தகுந்த வரிகள் கிடைப்பதுதான் கஷ்டம்.

வீடியோ விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. படம் ஓடினால் கண் வேலை செய்யும், காது லீவு எடுத்துக்கொள்ளும். கதை புரிந்துவிட்டது என்பதைப் பாட்டு புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் பல வீடியோக்களில் படத்துக்கும் வரிக்கும் சம்பந்தமே இருக்காது. முகத்தை நெருக்கத்தில் காட்டினால் பல்லும் உதடும் சேர்கிற ஒலியை, நாக்கு பல்லிடுக்கில் வருகிற ஒலியைக் கண்ணால் பார்க்கலாம், அது லாபம். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பெரும்பாலும் ஒலிக்கிற பாட்டுக்கு வாயசைப்பதுதானே. கோல்ட்பிளே இசைக்குழுவின் 'தி சயன்டிஸ்ட்' வீடியோவில் காட்சி முழுக்கப் பின்னோக்கி ஓடும். அதற்காகக் குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் வரிகளைத் தலைகீழாகப் பாடப் பழகினார். அந்த உதட்டைப் பார்த்து உச்சரிப்புப் பழகினால் அவ்வளவுதான்.

நான் விரும்பிப் போடுகிற வீடியோ ஒன்று உண்டு. 1965இல் பாப் டிலன் லண்டனில் ஒரு சந்தில் நின்றுகொண்டு, 'சப்டெரேனியன் ஹோம்சிக் ப்ளூஸ்' ஓட ஓட, சொற்கள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போடுவார். வாய் அசையாது. அட்டைகளில் வேண்டுமென்றே செய்த எழுத்துப் பிழைகள் இருக்கும். ஓரிடத்தில் குரல் பதினொரு டாலர் என்று பாட, அட்டை 20 டாலர் என்று காட்டும். கண்ணுக்கும் காதுக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பிடிக்கச் சொல்வேன். கண்ணை நம்புகிறவர் அந்த இடத்தில் மாட்டுவார். வகுப்பில் அதிகம் சத்தம் வருவது அன்றைக்குத்தான்.

பாட்டிலிருந்து இலக்கணம் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். 1965இல் வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் '(ஐ கான்ட் கெட் நோ) சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டின் தலைப்பிலேயே 'கான்ட்', 'நோ' என்று இரட்டை எதிர்மறை இருக்கிறது. அது அந்தப் பேச்சு வழக்கில் சரியான ஆங்கிலம், வாடிக்கையாளருக்கு எழுதுகிற கடிதத்தில் சரியில்லை. ஒருவர் புகார்ப் பதிலில் "ஐ கான்ட் கெட் நோ அப்டேட்" என்று எழுதி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாடகர்களின் உச்சரிப்பும் அப்படித்தான். பிரிட்டிஷ்காரர்கள் பலர் பாடும்போது அமெரிக்கச் சாயலுக்கு மாறிவிடுவார்கள். பீட்டர் டிரட்கில் என்ற மொழியியலாளர் இதை 1980களிலேயே எழுதியிருக்கிறார். 'லண்டன் உச்சரிப்பு வேணும்' என்று கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடும்.

பாடினால் மொழி மனதில் நிற்குமா என்றும் கேட்பார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 60 பேர் மூன்று குழுவாகப் பிரிந்து, தெரியாத ஹங்கேரிய மொழித் தொடர்களைப் பேச்சாகவும், தாளத்தோடும், பாட்டாகவும் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள். கால் மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு தொடர்களை வாய்விட்டுச் சொல்வதில் பாடிய குழு முந்தியது. சின்னச் சோதனைதான். நான் பார்த்தவரையில் அந்தத் தொடர் நிற்கிறது, மெட்டோடு சேர்ந்து நிற்கிறது. அதை மெட்டிலிருந்து கழற்றிப் பேச்சில் போட இன்னொரு வேலை செய்ய வேண்டும்.

அந்த இன்னொரு வேலைக்காகச் சில வாரங்களில் பாட்டை நிறுத்திவிட்டு, தாளமே இல்லாத பதிவு செய்த உரையாடல்களுக்குப் போய்விடுவேன். கோடிட்ட தாள் அதே மாதிரிதான், சின்னச் சொற்கள் இல்லாத தாள். அந்த வாரம் வகுப்பில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும். பாட்டு வேண்டும் என்பவர்கள் வீட்டில் தொடரலாம், வரிகளைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.