சிவப்புக் குச்சியும் 21 நாளும்

தென்னைக்குத் தண்ணி கட்டப் போன காலையில்தான் அந்தக் குச்சியைப் பார்த்தேன். கிணற்றுமேட்டுக்கும் சாளைக்கும் (தோட்டத்து வீட்டுக்கும்) நடுவில், தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்து நட்டிருந்தார்கள். யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வேலியோரம் வந்து, "கேஸ் குழாய் வருதாம் கண்ணு, உங்க காட்டுலயும் அளந்துட்டுப் போயிருக்காங்க" என்றார்.

கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகிற குழாய். தமிழ்நாட்டில் கோவை தொடங்கிக் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டம், சுமார் 310 கிலோமீட்டர். ஊத்துக்குளிப் பக்கம் அப்பா விட்டுப்போன இரண்டரை ஏக்கர்தான் எங்களுக்கு. நடுவில் 20 மீட்டர் அகலத்துக்குப் போய்விட்டால் மிச்சம் இரண்டு துண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் சொல்லி ஜெபிக்கக் கேட்டேன். அவர் வேதத்தில் ரோமர் 13-ஆம் அதிகாரத்தை எடுத்து, அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொன்னார். நான் ஞானஸ்நானம் வாங்கிய சபை அது. அப்பாவை அடக்கம் பண்ணியதும் அவர்கள்தான். அடுத்த ஞாயிறு சேலை கட்டிக் கிளம்பி, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் போகவே இல்லை.

சரி, மனுக் கொடுத்த கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நிலத்தைக் குழாய் போடுகிறவர்கள் வாங்குவதில்லை. 1962-ஆம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுக்கிறார்கள். பட்டா நம் பேரில்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. பயிர், மரச் சேதத்துக்குத் தனியாகத் தருவார்கள். உரிமைக்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். தென்னை வைக்க முடியாத பூமியை நாளைக்கு யார் வாங்குவார்கள்?

அரசிதழில் அறிவிப்பு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்தபோதே 9 நாள் போயிருந்தது. சிட்டா, அடங்கல், எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடம் வாங்க நாலு நடை. வக்கீல்தான் அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவைக் காட்டினார்: அறிவிப்புக்கு முன்பே குடியிருப்பாக இருந்த இடத்திலும் வீட்டை ஒட்டிய இடத்திலும் குழாய் பதிக்கக் கூடாது. சாளையின் வீட்டு வரி ரசீதையும் கரண்ட் கார்டையும் வைத்து மனுவை நேரில் கொடுத்தேன். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். நேரில் விசாரிக்க வேண்டும் என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

விசாரணைக்கு முந்தின ராத்திரி தூக்கமே இல்லை. களத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தபோது நாபோத் ஞாபகம் வந்தான். ராஜாவே திராட்சத்தோட்டத்தைக் கேட்டும், பிதாக்களின் சுதந்தரம், அதாவது முன்னோர் விட்டுப்போன சொத்து, தரமாட்டேன் என்றவன். அவனும் அதே வேதத்தில்தானே இருக்கிறான்? எழுந்து உட்கார்ந்து வாய்விட்டு ஜெபித்தேன். "ஆமென்" சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அது. கர்த்தர் கேட்டார் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

காலையில் ஆத்தாவும் பஸ்ஸில் கூடவே வந்தார். மாரியம்மன் கோயில் திருநீற்றைக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார். வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். உள்ளே அஞ்சே நிமிஷம். வரைபடத்தில் சாளையைத் தொட்டுக் காட்டினேன், எழுதிக்கொண்டார்கள்.

2013 மார்ச்சில், குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி முதல்வர் ஜெயலலிதா சட்டசபையில் அறிவித்தார். ஊரே மூச்சு விட்டது. நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2014 ஜூனில் ஆந்திராவில் நகரம் என்ற ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்தது. அதை டிவியில் பார்த்துவிட்டு, "இந்தத் தீயா கண்ணு நம்ம காலுக்கடியில வரப்போவுது?" என்றார் ஆத்தா. பதில் சொல்லத் தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றத் தீர்ப்பையே உறுதி செய்தது.

அந்தக் குச்சியைக் கறையான் தின்றுவிட்டது. முத்திரை போட்ட மனு நகலை அப்பாவின் வேதப்புத்தகத்தில், நாபோத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சாயங்காலம் களத்தில் உட்கார்ந்து படிக்கும்போது அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.