ஏஸ் சோடியும் ஒரு வரிப் பதிலும்

"நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தைப் பற்றி எங்களால் பதில் சொல்ல முடியாது. முடிந்ததும் அனுப்புங்கள், விரிவாகப் பார்ப்போம்." போக்கர் பாடம் எடுத்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எங்கள் வேலை; ஆட்டத்தின் நடுவே கேட்ட ஒருவருக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் இதையேதான் எழுதுவேன். அப்படியிருந்தும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டும்போது நினைவுக்கு வருகிறது, வேறு யாருடைய கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் வருகிறது.

கேட்டவர் லண்டனில் இருக்கும் எங்கட ஆள். ஞாயிற்றுக்கிழமைப் பெரிய டோர்னமென்ட்டுகள் அங்கே கோடைக்கால மாலை 7 மணிக்குத் தொடங்கினால் இங்கே இரவு 11.30. அதனால் ஞாயிறு ஷிஃப்டில் கேள்விகள் நள்ளிரவை ஒட்டித்தான் குவியும். அவருடையது முதல் லெவல். தொடக்கத்தில் 10,000 சிப், பிளைண்ட், அதாவது ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் கட்டாயமாகக் கட்டும் தொகை, 25-50; பெரியது பிக் பிளைண்ட். கையில் ஏஸ் சோடி. 150க்கு ரெய்ஸ் செய்து தொகையை ஏற்றியிருக்கிறார், பிக் பிளைண்ட் கட்டியவரோடு சேர்த்து மூன்று பேர் கோல் பண்ணியிருக்கிறார்கள், அதாவது அதே தொகையைக் கட்டித் தொடர்ந்திருக்கிறார்கள். ஃப்ளொப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூன்று அட்டையில், 9, 7, 4, அதில் இரண்டு ஸ்பேட். இவர் 400 கட்ட, ஒருவர் மட்டும் தொடர்ந்தார். அடுத்து ஸ்பேட் இல்லாத ஒரு 2. இவர் 900 கட்ட, எதிராளி 2,700க்கு ஏற்றிவிட்டார். "இதில் ஏஸ் சோடியை விடுவதா? இன்னும் 20 விநாடி இருக்கு" என்று எழுதியிருந்தார்.

அந்த 20 விநாடி என்ற சொல் இல்லாவிட்டால் பழைய கை என்று நினைத்துப் பதில் எழுதியிருப்பேன். அது இருந்ததால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு கையை ஒருவர்தான் ஆட வேண்டும், ஆட்டத்தின் நடுவே வெளியிலிருந்து உதவி வாங்கக் கூடாது என்பது போக்கர் தளங்களின் அடிப்படை விதி. மீறினால் கணக்கே மூடப்படலாம். விதியை விடுவோம், எதிரில் இருப்பவரும் காசு கட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு கொழும்பில் யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை.

என்னோடு ஷிஃப்டில் இருந்த தம்பிக்கு இது சரியாகப் படவில்லை. வேலையில் கெட்டிக்காரன், என்னோடு வாதாடத் தயங்காதவன். "அக்கா, கையைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆரம்பக் கட்டப் பாடத்தின் லிங்கை மட்டும் அனுப்பியிருக்கலாமே. அவர் ஏற்கெனவே காசு கொடுத்து எடுத்த பாடம்தானே?" என்றான்.

"அந்த நேரத்தில் அந்தப் பாடத்தை அனுப்புறதும் பதில்தான் தம்பி."

"அப்ப, ஒண்டும் சொல்லாமல் விடுறதும் பதில்தானே? விடச் சொல்லேல்ல, அப்ப கோல் பண்ணலாம் எண்டு அவர் நினைச்சிருப்பார்."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமலும் இல்லை. மௌனத்தை ஒருவர் எப்படி வாசிக்கிறார் என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது. ஆனால் என்னிடம் படித்தவர், நான் எழுதிய பாடத்தை வாசித்தவர், அந்த மௌனத்தை எப்படி வாசிப்பார் என்று எனக்குத் தெரியாதா என்ன?

அவன் சொன்ன பாடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் வெளியேறாமல் இருப்பதுதான் முதல் வேலை என்று பலர் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. இழக்கும் சிப்புக்கு, வெல்லும் சிப்பைவிட மதிப்பு அதிகம் என்ற கணக்கு உண்மைதான். ஆனால் பரிசுக் கட்டம் நெருங்கும்போதுதான் அது கழுத்தைப் பிடிக்கும். பெரிய கூட்டம் ஆடும் டோர்னமென்ட்டின் முதல் மணித்தியாலத்தில் அதன் கனம் மிகக் குறைவு. அங்கே ஒற்றைச் சோடியைக் கவனமாக ஆடச் சொல்வதற்குக் காரணம் ஆழம், அதாவது பிளைண்டோடு ஒப்பிட்டால் முன்னால் எவ்வளவு சிப் இருக்கிறது என்பது. 10,000 சிப்பும் 50 பிளைண்டும் என்றால் 200 பிக் பிளைண்ட். 7 சோடி, 4 சோடி வைத்திருப்பவர் மூன்று பிளைண்ட் கொடுத்து ஃப்ளொப் பார்க்கிறார். ஏறக்குறைய 8.5 தடவைக்கு ஒரு தடவை அதே எண்ணில் மூன்றாவது அட்டை விழும். விழுந்தால் 200 பிளைண்டும் கிடைக்கலாம் என்பதால்தான் அவர் வருகிறார். ஏஸ் சோடி 221 கைக்கு ஒன்றாக வரும் கை. வந்த சந்தோஷத்தில் அதைக் கடைசிவரை கொண்டுபோகிறவரிடம்தான் அவர்களுக்கு லாபம்.

யாழ்ப்பாணத்தில் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்த எங்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே ஜாக் என்றால் 30, ஒன்பது என்றால் 20, ஏஸ் என்றால் 11. யார் கையில் இருந்தாலும், எந்தச் சுற்றிலும் அதே புள்ளிதான். போக்கரில் ஏஸ் சோடியின் மதிப்பு, இரண்டு பேருக்கும் முன்னால் எவ்வளவு சிப் மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும்.

சரி, பதில் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கோல் பண்ண இன்னும் 1,800 வேண்டும், நடுவில் 5,025 இருக்கிறது. கிட்டத்தட்ட 26 சதவீதம் வெல்ல முடிந்தால் போதும். எதிராளியிடம் மூன்று ஏழு இருந்தால் எங்களைக் காப்பாற்ற 44 அட்டையில் 2தான். ஒன்பதும் ஏழும் இருந்தால் 8. ஐந்து ஸ்பேட் சேரக் காத்திருப்பவர் என்றால் நாங்கள்தான் நன்றாக முன்னால் நிற்கிறோம். ஆனால் 1,800 கொடுத்தால் அதோடு முடியாது. நடுவில் 6,825, கையில் 6,750 என்று ஆகிவிடும், கடைசி அட்டையில் முழுவதையும் கேட்பார்கள். நான் விட்டிருப்பேன். ஃப்ளொப்பில் அமைதியாகத் தொடர்ந்து, வெறும் 2 விழுந்ததும் மூன்று மடங்காக ஏற்றுகிறவரை, முன்பின் தெரியாத நிலையில், நான் நம்பியிருப்பேன். அதற்காக அது நிச்சயமான விடை என்று சத்தியம் செய்ய மாட்டேன். முதல் லெவலில் கிங்-ஒன்பதை வைத்து ஏற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. விடை இவ்வளவு மங்கலாக இருந்ததால்தான் விதி எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததா? கேள்வி சுலபமானதாக இருந்திருந்தால், "விடுங்கள்" என்ற ஒரு சொல்லோடு முடிந்திருந்தால், என் விரல் சும்மா இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன்.

அவர் கோல் பண்ணினார், கடைசி அட்டையிலும் கோல் பண்ணினார். எதிராளி 7 சோடியைத் திறந்தார், ஃப்ளொப்பில் இருந்த ஏழோடு சேர்த்து மூன்று ஏழு. இதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு அவரே அனுப்பியது. கோபமாக எழுதவில்லை. "பாடம் ஞாபகம் இருந்தது, நீங்கள் ஒரு தடவை சொன்னால் விட்டுவிடலாம் என்றிருந்தேன்" என்று எழுதியிருந்தார்.

அதோடு இரண்டாவது கை ஒன்றும் இருந்தது. எனக்கு அதுதான் கூடுதலாக வலித்தது. தாமதமாகச் சேர இடமிருந்ததால் மறுபடி காசு கட்டி உள்ளே போயிருக்கிறார். அதே கட்டணம், அதே 10,000 சிப், ஆனால் பிளைண்ட் அப்போது 100-200. அதாவது வெறும் 50 பிக் பிளைண்ட். கையில் குயின் சோடி, ஃப்ளொப்பில் பெரியது ஜாக், எதிரில் ஒரே ஒருவர். அவர் ஏற்றியதும் விட்டுவிட்டார். 200 பிளைண்ட் ஆழத்தில் நாலு பேர் ஆடிய கையில் வாங்கிய அடியை, கால்வாசி ஆழத்தில், ஒருவருக்கு எதிரே கொண்டுவந்து வைத்திருக்கிறார். 50 பிளைண்டில் அந்தக் கையை அவ்வளவு சுலபமாக விடத் தேவையில்லை. ஜாக் வைத்திருப்பவரும் அதேபோல ஏற்றுவார், கோல் பண்ணி அடுத்த அட்டையைப் பார்க்கலாம்.

தம்பியிடம் இதைக் காட்டினேன். லிங்கை அனுப்பியிருந்தால் இப்படித்தான் ஆகியிருக்கும், பாதி விளங்கின பாடம் அடுத்த கையைக் கெடுக்கும் என்று சொன்னேன். அவன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, லிங்க் அனுப்பாமலேதானே இப்படி ஆகியிருக்கு" என்றான்.

இரண்டு கைகளுக்கும் நீளமாக விளக்கம் எழுதி அனுப்பினேன். முதல் கைக்கு எழுதும்போது, விடுவது நல்லது என்ற வரியை மென்மையாக்கினேன், பிறகு மறுபடி கடுமையாக்கினேன். முடிவு தெரிந்த பிறகு அந்த வரியில் எவ்வளவு என் கணிப்பு, எவ்வளவு எதிராளி திறந்து காட்டிய 7 என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது தம்பி ஒரு பொதுப் பதில் தயாரித்து வைத்திருக்கிறான். நடுவில் வரும் எந்தக் கேள்விக்கும் அதே பதில். நான் எழுதிய ஒரு வரி, கீழே எல்லாப் பாடங்களின் பட்டியல், எதையும் தனியாகச் சுட்டாமல். பட்டியல் முழுவதையும் அனுப்பினால் அது உதவியாகாது என்பது அவன் வாதம். 20 விநாடியில் எந்தப் பாடத்தைத் திறப்பது என்று தெரிந்தவருக்கு அதுவும் உதவிதான் என்பது என் வாதம். பொறுப்பாளர் எங்கள் இருவரையும் பேசி முடிவெடுக்கச் சொல்லியிருக்கிறார். வரைவு என் மெயிலில் கிடக்கிறது, நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.