காரை ஓட்டியது யாரென்று தெரியாதபோது வரும் வேகக் கடிதம்

வேகக் கமராவில் கார் அகப்பட்டதும் வீட்டுக்கு வரும் முதற்கடிதத்தை எங்கள் ஆட்கள் பலர் தண்டப்பணக் கடிதம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் அந்த முதற்கடிதம் தண்டம் எதையும் விதிப்பதில்லை. வழக்குத் தொடரும் எண்ணம் இருக்கிறது என்ற முன்னறிவித்தலும், அந்த நேரத்தில் காரைச் செலுத்தியவர் யார் என்ற கேள்வியும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். முன்னறிவித்தல், பதிவுப் பத்திரத்தில் பெயருள்ளவருக்குச் சம்பவம் நடந்து 14 நாட்களுக்குள் கிடைத்திருக்க வேண்டும். கேள்விக்கோ, கடிதம் கையளிக்கப்பட்டதிலிருந்து 28 நாட்களுக்குள் பதில் போக வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு கடமைகள். 14 நாள் கெடு தவறிவிட்டது என்று நினைத்துக் கடிதத்தைக் கிழித்துப் போட்டவர்களும் உண்டு. முன்னறிவித்தல் பிந்தி வந்ததால் வேகக் குற்றச்சாட்டு விழுந்துபோகலாம். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அதனால் இல்லாமற் போவதில்லை.

அந்தக் கடமையை விதிப்பது 1988 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 172 ஆம் பிரிவு. அதை மீறினால் 1,000 பவுண் வரை தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் 6 தண்டப் புள்ளிகளும் விழும். சாதாரண வேகக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் 100 பவுணும் 3 புள்ளிகளும்தான். பதிலளிக்காத குற்றத்துக்கு முன்னர் 3 புள்ளிகளே இருந்தன. பேசாமல் இருப்பதே இலாபம் என்று பலர் கண்டுகொண்டதால் 2007 இல் அதை 6 ஆக்கினார்கள். எம்.எஸ். 90 என்ற குறியீட்டோடு பதிவாகும் அந்தப் புள்ளிகளைக் காப்புறுதி நிறுவனங்கள் வேகப் புள்ளிகளை விடக் கடுமையாகவே பார்க்கின்றன. ஆகவே, 'யார் ஓட்டியது என்று தெரியாது' என்பது தப்பிக்கும் வழியென எவரும் கணக்குப் போடக் கூடாது. அது உண்மையாக இருக்கும் இடத்தில் மட்டும், உரிய உழைப்போடு, அந்த வழியில் போகலாம்.

எங்கள் குடும்பத்தில் அது உண்மையாக இருந்தது. அண்ணாவின் மகளுடைய சாமத்தியச் சடங்கன்று, மண்டபத்துக்கும் வீட்டுக்குமாக ஒரே கார் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணா, அண்ணி, அவர்களின் மகனான என் மருமகன் மூவரும் அந்தக் காருக்குக் காப்புறுதி உள்ளவர்கள். மூவருமே அன்று அதை ஓட்டினார்கள். பலகாரத் தட்டங்கள் ஒரு தடவை, அண்ணியின் பெற்றோர் ஒரு தடவை, மறந்துபோன நகைப்பெட்டி இன்னொரு தடவை என்று போய்வந்தவற்றுள் ஒன்றில், 30 மைல் வீதியில் பிற்பகல் 4.42 மணிக்குக் கார் 37 மைல் வேகத்தில் போனதாகக் கடிதம் வந்தது. பதிவு அண்ணாவின் பெயரில் இருந்ததால் கடிதமும் அவருக்கே.

அன்றிரவு அண்ணி சொன்னது, எங்கள் வீடுகளில் எந்தத் தாயும் சொல்லக்கூடியதுதான்: "நான்தான் ஓட்டினேன் என்று எழுதிவிடுங்கோ." அதற்குக் காரணமும் இருந்தது. மருமகன் அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரமே இரத்தாகும், எழுத்துப் பரீட்சையிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டும். ஒரு வழக்கில் அவருக்கு ஏற்கெனவே 3 புள்ளிகள் இருந்தன. அண்ணிக்கோ ஒன்றும் இல்லை. 37 மைல் என்பது வேக விழிப்புணர்வு வகுப்புக்கு அனுப்பக்கூடிய எல்லைக்குள் இருந்ததால், அரை நாள் வகுப்போடு புள்ளியே இல்லாமல் எல்லாம் முடிந்திருக்கும். அவர் ஓட்டியிருக்கவும் கூடும். ஆனால் அந்த 4.42 மணிக்கு ஓட்டியது தான்தான் என்று அவருக்கு நினைவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதிக் கையொப்பமிடுவது, நீதியின் போக்கைத் திரிக்கும் குற்றமாக மாறக்கூடியது என்று நான் அவரிடம் சொன்னேன்.

இதை நான் வெறும் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை. அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூன், 2003 இல் எம்11 நெடுஞ்சாலையில் தன் கார் அகப்பட்டபோது அந்தப் புள்ளிகளைத் தன் மனைவி விக்கி பிரைஸ் ஏற்றுக்கொள்ள விட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 2013 மார்ச்சில், இருவருக்கும் தலா 8 மாதச் சிறை கிடைத்தது. பீற்றர்பரோவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஃபியோனா ஒனசான்யா, 30 மைல் வீதியில் 41 மைலில் போன காரைத் தான் ஓட்டவில்லை என்று பொய் சொன்னதற்காக 2019 ஜனவரியில் 3 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இவர்கள் வேகத்துக்காகச் சிறை போகவில்லை; சொன்ன பொய்க்காகவே போனார்கள். நாடாளுமன்றத்தில் இருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், வதிவிட அனுமதிக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பித்துக் காத்திருக்கும் எங்கள் உறவினர்களுக்கு அப்படியொரு தண்டனை எதையெல்லாம் இழக்கச் செய்யும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் பதைக்கிறது.

172 ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுதான் உண்மையிலேயே தெரியாதவர்களுக்கான வாசல். செலுத்தியவர் யாரென்று தனக்குத் தெரியவில்லை என்பதையும், நியாயமான முயற்சி எடுத்தும் கண்டறிய முடிந்திருக்காது என்பதையும் வாகனத்தை வைத்திருப்பவர் காட்டினால் அவர் குற்றவாளியாக மாட்டார். காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. நாம் சொல்வதே பெரும்பாலும் உண்மை என்று நீதவான்கள் எண்ணும் அளவுக்குக் காட்டினால் போதும். எல்லாம் அந்த 'நியாயமான முயற்சி' என்ற சொற்களில்தான் தொங்குகிறது. 'வீட்டில் கேட்டேன், எவருக்கும் நினைவில்லை' என்ற ஒற்றை வரி அதற்குப் போதாது. தேடியவை எவை, எப்போது தேடினோம், என்ன கிடைத்தது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் படம் கேட்டு எழுதினோம். சாட்சியமாக அதைத் தர வேண்டிய கட்டாயம் இந்தக் கட்டத்தில் பொலிசாருக்கு இல்லை. ஓட்டியவரை அடையாளம் காண உதவும் என்று கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். கேட்டுவிட்டோம் என்பதற்காக 28 நாள் கெடு நின்று காத்திருப்பதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வந்த படங்கள் இரண்டும் பின்புறமிருந்து எடுக்கப்பட்டவை. வீதியில் தீட்டிய வெள்ளைக் கோடுகள் சிலவற்றைக் கார் கடந்திருப்பதும், மின்னொளி பட்டு வெளேரென்று தெரிந்த இலக்கத்தகடும் துல்லியமாக இருந்தன. பின்கண்ணாடி கரும்பலகை போல இருந்தது. இருக்கையில் ஆள் இருப்பதற்கான கோடுகூட அதில் விழவில்லை.

அடுத்தது, எங்கள் கொண்டாட்டங்களில் தவறாமல் இருக்கும் ஒருவர்: வீடியோக்காரர். வெட்டித் தொகுக்காத முழுப் பதிவையும் அவரிடம் கேட்டு வாங்கினோம். அவருடைய கமராவின் மணி கோடைகால நேரத்துக்கு மாற்றப்படாமல் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தது. ஆலாத்தி எடுக்கும் அதே கணத்தில் உறவினர் ஒருவர் கைபேசியில் எடுத்த படத்தின் நேரத்தோடு வீடியோவின் நேரத்தை ஒப்பிட்டு, வித்தியாசம் சரியாக ஒரு மணித்தியாலம்தான் என்று உறுதிசெய்தோம். அப்படிப் பார்த்தபோது 4.42 மணிக்கு அண்ணா மகளின் பக்கத்தில் மேடையில் நிற்பது தெளிவாகத் தெரிந்தது. அண்ணியும் மருமகனும் ஏறத்தாழ அரை மணித்தியாலம் பதிவில் எங்குமே இல்லை. நகைப்பெட்டிக்குப் போனவர் அண்ணி, தட்டங்களுக்குப் போனவர் மருமகன். இரண்டும் அதே வீதி, முன்பின்னான நேரம். யார் முதலில் போனார் என்பதை இருவராலும் சொல்ல முடியவில்லை. கைபேசிகளின் இருப்பிடப் பதிவு இருவருக்கும் நிறுத்தப்பட்டிருந்தது. வட்ஸ்அப் செய்திகள், அழைப்புப் பட்டியல், வங்கிக் கூற்று ஆகியவற்றில் அந்த அரை மணித்தியாலத்துக்கு எதுவும் அகப்படவில்லை. மண்டபத்தின் வாகனத் தரிப்பிடக் கமராப் பதிவு நாங்கள் கேட்டபோது ஏற்கெனவே அழிந்துவிட்டிருந்தது. அதை அவர்கள் மின்னஞ்சலில் தெரிவித்தார்கள், அந்த மின்னஞ்சலும் எங்கள் ஆவணக் கோவைக்குள் போனது.

இவ்வளவையும் தேதிவாரியாக எழுதி, மூவரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, அனுமதிப்பத்திர இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 'இவர்களுள் இருவரில் ஒருவர், யாரென்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று அண்ணா கையொப்பமிட்டு அனுப்பினார். படிவத்தோடு கடிதத்தையும் இணைத்தோம். கையொப்பமில்லாமல் திரும்பும் படிவத்தைப் பதிலாகவே கொள்ள மாட்டார்கள். தபாற்கந்தோரில் அனுப்பியதற்கான சான்றுச் சீட்டு இலவசமாகத் தருகிறார்கள். அதை வாங்கி வைக்காமல் அனுப்புவதில் அர்த்தமில்லை. சில வாரங்களில் அண்ணிக்கும் மருமகனுக்கும் தனித்தனிப் படிவங்கள் வந்தன. வாகனத்தை வைத்திராத ஒருவர் தன்னால் தரக்கூடிய தகவலைத் தந்தாற் போதும் என்றே சட்டம் சொல்கிறது. இருவரும் தமக்குத் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதினார்கள்.

இடையில், 'ஒன்றுக்கும் பதில் போடாதே, உன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும்படி எவரும் உன்னைக் கேட்க முடியாது' என்று அண்ணாவுக்கு அறிவுரை சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த வாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய்த் தோற்றுவிட்டது. எம்11 இல் தற்காலிக 40 மைல் எல்லைக்குள் 69 மைலில் அகப்பட்ட ஓஹலோரன், தன் பழைய அல்விஸ் காரை ஓட்டியது யாரென்று சொல்ல மறுத்த ஃபிரான்சிஸ் ஆகிய இருவரின் வழக்கில், கார் வைத்திருப்பவர் அதற்குரிய ஒழுங்குமுறையின் பொறுப்புகளையும் ஏற்றுக்கொண்டவரே என்று 2007 ஜூன் 29 இல் 15 க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. மௌனம் உரிமை என்று இன்றும் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு 6 புள்ளிகளை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

எங்கள் கடிதம் ஏற்கப்படவில்லை. அண்ணாவுக்கு 172 ஆம் பிரிவின் கீழ் வழக்கு வந்தது. இத்தகைய வழக்குகள் இப்போது தனி நீதவான் நடைமுறையில், கடிதமூலம் தொடங்குகின்றன. 21 நாட்களுக்குள் குற்றவாளியா இல்லையா என்று பதில் அனுப்ப வேண்டும். குற்றவாளி இல்லை என்று அனுப்பினால்தான் வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நேரடி விசாரணைக்குப் போகும். அதே பதிலில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்டோம். குற்றவியல் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அது கட்டணமின்றிக் கிடைக்கும். 'எனக்கு இங்கிலிஷ் சமாளிக்கும்' என்று கூச்சத்தில் அதை விட்டுவிடுபவர்களைக் கண்டால் எனக்கு வேதனையாக இருக்கும். கடையிலும் வேலையிலும் சமாளிக்கிற ஆங்கிலம் வேறு, குறுக்குக் கேள்விக்கு நடுவில் 'நினைவில்லை' என்பதற்கும் 'தெரியாது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காப்பாற்ற வேண்டிய ஆங்கிலம் வேறு.

விசாரணையில் அரசதரப்புச் சட்டத்தரணி அண்ணாவிடம் பெரும்பாலும் ஒரே விடயத்தையே சுற்றிச்சுற்றிக் கேட்டார்: மகன் அனுமதிப்பத்திரத்தை இழப்பான் என்பதற்காக மறைக்கிறீர்களா? அண்ணா கோவையைத் திறந்து, வீடியோவின் நேரத்தை எப்படிச் சரிபார்த்தோம் என்பதை ஒவ்வொரு படியாகச் சொன்னார். அண்ணியும் மருமகனும் சாட்சியம் அளித்தார்கள். இருவரும் தாமாக இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. நீதவான்கள் உள்ளே போய் ஆலோசித்துத் திரும்பி வந்து, எடுத்த முயற்சி நியாயமானது என்று ஏற்று அண்ணாவை விடுவித்தார்கள். வழக்குச் செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற அங்கேயே விண்ணப்பிக்க முடிந்தது. வேகக் குற்றத்துக்கோ, ஓட்டியவர் இன்னார் என்று காட்டும் சாட்சியம் எவருக்கு எதிராகவும் இல்லை.

கடை, பெற்றோல் நிலையம், கட்டட வேலை என்று நிறுவனத்தின் பெயரில் வான் வைத்திருப்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. தனியாள் ஒருவர், தன் காரை யார் எப்போது ஓட்டினார்கள் என்று பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று இந்தப் பிரிவில் இல்லை. நிறுவனம் என்றால் ஆறாம் உட்பிரிவு குறுக்கே வரும்: முயற்சி எடுத்தோம் என்று காட்டுவதோடு, ஓட்டுநர் பதிவேடு எதுவும் வைக்கப்படவில்லை என்பதையும், அப்படி வைக்காமல் இருந்தது நியாயமானதே என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். நாலைந்து வேலையாட்கள் மாறிமாறி ஓட்டும் வானுக்கு அப்படிக் காட்டுவது மிகக் கடினம். நிறுவனத்துக்குப் புள்ளிகள் விழாது, தண்டம் மட்டுமே. ஆனால் பதில் சொல்லாமல் விட்டது பணிப்பாளர் ஒருவரின் சம்மதத்தோடோ உடந்தையோடோ நடந்ததென்று நிரூபிக்கப்பட்டால், அந்தப் பணிப்பாளரும் தன் சொந்தப் பெயரில் குற்றவாளியாவார்.