பழைய ஸ்டார் ட்ரெக்கை ஆய்வுக்கு எடுப்பவர்களுக்கு

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்த தலைப்பு, 1966 முதல் 1969 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வந்த, ஒரு விண்வெளிக் கப்பலைப் பற்றிய ஸ்டார் ட்ரெக் தொடரில் பெண்கள். பழைய அறிவியல் புனைவுத் தொடர்களை எடுக்க நினைப்பவர்களுக்கு, எனக்குக் கைகொடுத்த சில விஷயங்களைச் சொல்கிறேன்.

"முற்போக்கா, பிற்போக்கா" என்ற கேள்வியோடு உட்காராதீர்கள். 79 எபிசோடுகள் இருக்கின்றன. எந்தப் பக்கம் வாதாடினாலும் சாட்சி கிடைக்கும். உஹுரா என்ற கறுப்பினப் பெண் அதிகாரி கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார், ஆனால் குட்டைப் பாவாடையில் இருக்கிறார். இப்படியே பட்டியல் போட்டால் பக்கம் நிறையும், வாதம் நிற்காது. இரண்டு போக்கும் ஒரே எபிசோடுக்குள் மோதுகிற இடத்தைப் பிடியுங்கள்.

1967 செப்டம்பரில் வந்த 'ஹூ மோர்ன்ஸ் ஃபார் அடோனைஸ்' அப்படிப்பட்டது. ஆரம்பத்திலேயே கேரலின் பாலமாஸ் என்ற அதிகாரி ஆய்வறிக்கை கொடுக்கிறார். இன்ஜினியர் ஸ்காட்டி அவரை காபி குடிக்க அழைத்துப் போகிறார். அவர்கள் நகர்ந்ததும் டாக்டர் மெக்காய் கேப்டன் கிர்க்கிடம் சொல்கிறார்: ஒருநாள் சரியான ஆள் கிடைத்தால் இவள் வேலையை விட்டுப் போய்விடுவாள். காதலில் விழுந்திருப்பது ஸ்காட்டி. அவர் வேலையை விடுவார் என்று யாரும் சொல்வதில்லை. அதே எபிசோடில் தகவல் தொடர்பு அறுந்துபோக, உஹுரா கருவி பலகையைத் திறந்து மாற்று இணைப்பு கொடுக்கிறார். நுணுக்கமான வேலை, தவறினால் எல்லாமே போய்விடும் என்கிறார். இதற்கு உங்களை விடத் தகுதியானவர் எனக்குத் தெரியவில்லை, தொடருங்கள் என்கிறார் கப்பலின் துணைத் தலைவர் ஸ்பாக். ஒரு பெண்ணின் வேலை கல்யாணம் வரைக்கும்தான் என்கிறது ஒரு காட்சி. இன்னொரு பெண்ணின் கையை நம்பித்தான் கப்பலே இருக்கிறது என்கிறது இன்னொன்று. இரண்டையும் எதிரெதிரே வைத்தாலே ஒரு முழு சாப்டர் வரும். வசனத்தை மட்டும் படித்து எழுதாதீர்கள், காட்சியை ஓடவிட்டுப் பாருங்கள். கேமரா யார் கையைக் காட்டுகிறது, யார் முகத்தைக் காட்டுகிறது என்பது எழுத்தில் வராது.

அடுத்து, தயாரிப்புக் கதைகள். இதில் கவனம் தேவை. 1964-65-ல் எடுத்த முதல் முன்னோட்ட எபிசோடான (பைலட்) 'தி கேஜ்'-ல் கப்பலின் இரண்டாம் நிலைத் தலைவர் ஒரு பெண். நடித்தவர் மேஜல் பாரெட். அந்த முன்னோட்டத்தை என்பிசி ஏற்கவில்லை; தொடர் வந்தபோது பாரெட் நர்ஸ் சேப்பல் ஆகிவிட்டார். பெண் தலைமையை நிறுவனம் விரும்பவில்லை என்று தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி பிற்பாடு சொல்லிவந்தார். கூடவே வேலை செய்த ஹெர்பர்ட் சோலோவும் ராபர்ட் ஜஸ்ட்மனும் சொன்னது வேறு: பாத்திரம் பிரச்சினை இல்லை, ராடன்பெரி தன் காதலியையே அதில் போட்டதுதான் பிரச்சினை. பலரும் முதல் கதையை மட்டும் உண்மையாக எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் யார் சொன்னது என்று பெயரோடு எழுதுங்கள். தேர்வாளர்கள் இதை உடனே கவனிப்பார்கள்.

வைவாவில் கடைசி எபிசோடு கட்டாயம் வரும். 1969 ஜூன் 3-ல் வந்த 'டர்ன்அபவுட் இன்ட்ரூடர்'-ல், உங்கள் கேப்டன்கள் உலகம் பெண்களைச் சேர்ப்பதில்லை, இது நியாயமில்லை என்று கிர்க்கிடம் சொல்கிறாள், அவர் உடலுக்குள் புகுந்துகொள்ளும் ஜானிஸ் லெஸ்டர். இது விதியா, அவள் மனக்குறையா என்று என்னிடம் கேட்டார்கள். அடுத்த வரியைச் சொன்னேன்: ஆமாம், நியாயமில்லை என்று கிர்க்கும் ஒத்துக்கொள்கிறார். ஆனால் கதை அவளை நிலைதடுமாறியவளாகவே காட்டி முடிக்கிறது. மற்ற பெண்களைப் போல அவள் வாழ்வும் வளமாக இருந்திருக்கலாம் என்று கிர்க் வருந்துகிறார். அநியாயம் என்று ஒப்புக்கொண்டு, அதைத் தட்டிக் கேட்டவளையே குற்றவாளியாக்குகிறது. என் பதில் அதுதான்.

காலச் சூழல் சாப்டரில் 1968-ல் வந்த கிர்க்-உஹுரா முத்தக் காட்சியோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசி எபிசோடு வந்த வருடம் நாசாவில் ஒரு பெண் விண்வெளி வீரர்கூட இல்லை. உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் 1977-ல் நாசாவின் ஆள்சேர்ப்புக்காகவே ஊர் ஊராகப் பேசினார். மறு வருடம் தேர்வான குழுவில் ஆறு பெண்கள் இருந்தார்கள். இந்தப் பகுதிக்குத் தாராளமாக இடம் ஒதுக்குங்கள்.